பதிக்குமுன் பேசுக: கூட்டு நிரலாக்கத்தில் கலந்தாய்வின் இடம்

முன்னுரை

நூல் ஒன்றைப் பெரும்பாலும் ஒருவரே எழுதுகின்றார். இன்றைய மென்பொருள்கள் பல அவ்வாறு பிறப்பதில்லை. கணிப்பொறியை இயக்கும் அடிப்படை அமைப்பு முதல் இணையப் பக்கங்களை வழங்கும் மென்பொருள் வரை, ஒருவரையொருவர் நேரில் கண்டிராத பலர் வெவ்வேறு நாடுகளிலிருந்து எழுதிச் சேர்த்த வரிகளால் ஆனவை அவை. பலர் கைபடும் அத்தகைய படைப்பில் ஒரு வினா நாள்தோறும் எழுகின்றது. நான் செய்ய விரும்பும் மாற்றத்தை முன்னரே பிறரிடம் கூறி இசைவு பெறவேண்டுமா? அன்றிச் செய்து முடித்தபின் கூறினால் போதுமா?

எல்லாவற்றையும் பேசித்தான் செய்யவேண்டும் என்றால் பணி நடவாது. எதனையும் பேசவேண்டா என்றால் ஒருவர் கட்டியதை மற்றொருவர் அறியாமலே இடிப்பர். 'பெரிய மாற்றமாயின் பேசுக. சிறிய மாற்றமாயின் செய்க' என்பதே பலரும் கூறும் விடை. இவ்விடை போதுமானதன்று. மாற்றத்தின் அளவைக் காட்டிலும், அதன் விளைவைச் சுமப்பவர் யார், அதனை மீட்க இயலுமா, மாற்றப்படும் பகுதியின் காரணம் நமக்குத் தெரியுமா என்னும் மூன்றுமே உரைகற்களாகும். இதனை நடந்த நிகழ்ச்சிகள் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயில்வோர்க்கு இதனால் ஆவது என்ன என்று சிலர் வினவலாம். எழுத்துரு, சொற்பிழைதிருத்தி, மின்னகராதி, மென்பொருள் தமிழாக்கம் ஆகிய துறைகளில் தமிழ் கற்றோர் நுழையும் காலம் இது. அங்கு நுழைவோர் நிரலாளரோடு ஒரே களத்தில் நின்று பணியாற்ற வேண்டும். அக்களத்தின் ஒழுகலாறுகளை அறிந்திருப்பது அவர்க்கு நன்று.

பதித்தல் என்பது யாது?

கணிப்பொறிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுதி நிரல் எனப்படும். கூட்டாகப் பணிபுரிவோர் தம் நிரலை ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைத்திருப்பர். ஒவ்வொருவரும் அதன் படியொன்றைத் தம் கணிப்பொறியில் வைத்துக்கொண்டு திருத்துவர். திருத்தம் முடிந்ததும், இன்னார், இன்ன நாளில், இன்ன காரணத்தால் செய்தார் என்னும் குறிப்போடு அதனை நிலையாகப் பதிவு செய்வர். இதனைக் 'கமிட்' என்பது துறை வழக்கு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய 'கிட்' என்னும் கருவியில் முதலில் தம் படியில் பதித்து, பிறகு பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பர். இக்கட்டுரையில் 'பதித்தல்' என்பது மாற்றம் பொதுக் களஞ்சியத்தை அடைவதையே குறிக்கும்.

சுவடிப் பதிப்பை அறிந்தவர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். ஏடு படியெடுத்தவர் ஒரு சொல்லை மாற்றினால் அது பாடவேறுபாடாகி நிலைத்துவிடும். மாற்றியவர் யார், ஏன் மாற்றினார் என்பதை அறிய வழியில்லை. பதிப்பாசிரியர் பல சுவடிகளை ஒப்புநோக்கி உய்த்துணர வேண்டியிருந்தது. களஞ்சியம் அக்குறையைப் போக்கிவிட்டது. ஆயினும் பதிவு இருத்தல் வேறு. கலந்தாய்வு நிகழ்தல் வேறு. பிழை எப்போது நுழைந்தது என்பதைப் பதிவு பின்னர்க் காட்டும். நுழையுமுன் தடுக்க வல்லது கலந்தாய்வே.

நம் மரபிலும் இதனோடு ஒப்புநோக்கத்தக்க ஒரு வழக்கம் உண்டு. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிய செய்தியை அதன் பாயிரம் கூறுகின்றது. கற்றோர் தடை எழுப்ப, நூலாசிரியர் விடை கூற, அதன்பின் நூல் உலகிற்குச் செல்வது அரங்கேற்றம். மென்பொருளுக்கும் அரங்கேற்றம் வேண்டும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நூல் அரங்கேறுவது ஒருமுறை. மென்பொருள் ஒரே நாளில் பலமுறை மாறுவது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் அவை கூட்ட இயலாது. எனவே எதற்கு அவை கூட்டுவது என்னும் வினா அங்கே தவிர்க்க முடியாததாகின்றது.

முன்னாய்வும் பின்னாய்வும்

இவ்வினாவுக்கு வரையறுத்த விதிகள் கண்டவர்களுள் 'அப்பாச்சி' குழுவினர் குறிப்பிடத்தக்கவர். இணையப் பக்கங்களை வழங்கும் மென்பொருள் ஒன்றை அமெரிக்காவின் என்.சி.எஸ்.ஏ. நிறுவனத்தில் ராப் மெக்கூல் என்பவர் எழுதியிருந்தார். 1994-இல் அவர் அந்நிறுவனத்தை விட்டு நீங்கியபின் அதன் வளர்ச்சி தேங்கியது. அதனைப் பயன்படுத்தியோர் தத்தமக்கு வேண்டிய திருத்தங்களைத் தாமே செய்துகொண்டனர். அவர்களுள் எண்மர் 1995 பிப்ரவரியில் மின்னஞ்சல் வழி ஒன்றுகூடித் தம் திருத்தங்களை ஒருங்கிணைக்க முனைந்தனர். அப்பாச்சியின் முதல் பொது வெளியீடு 1995 ஏப்ரலிலும், 1.0 பதிப்பு அவ்வாண்டு டிசம்பரிலும் வந்தன.

அக்குழுவில் முதலாளி இல்லை, ஊதியமும் இல்லை. ஆணையிட ஒருவர் இல்லாத இடத்தில் முடிவெடுக்க வாக்கு முறையை வகுத்தனர். உடன்படுவோர் '+1' என்றும், மறுப்போர் '-1' என்றும் எழுதுவர். நிரல் மாற்றத்துக்கு எதிரான ஒரே மறுப்பும் அதனைத் தடுத்து நிறுத்தும். ஆனால் மறுப்பவர் நுட்பக் காரணம் காட்டவேண்டும். காரணமற்ற மறுப்பு செல்லாது. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பது அவ்வவையில் வாதமாகாது.

மாற்றங்களைப் பதிப்பதற்கு இரண்டு முறைகளை அவர்கள் கையாள்கின்றனர். ஆய்ந்தபின் பதித்தல் ஒன்று. பதித்தபின் ஆய்தல் மற்றொன்று. முன்னதை முன்னாய்வு என்றும் பின்னதைப் பின்னாய்வு என்றும் கூறலாம். இவற்றுள் எது சிறந்தது என்று அவர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கவில்லை. ஒரே மென்பொருளின் இரு கிளைகளில் இரண்டையும் பயன்படுத்துகின்றனர். வளர்ந்துகொண்டிருக்கும் மையக் கிளையில் உரிமை பெற்றவர் மாற்றத்தைப் பதித்துவிடலாம். பிறர் பின்னர் ஆய்வர். மறுப்பு வந்தால் மாற்றம் திரும்பப் பெறப்படும். பயனர் கையில் உள்ள நிலையான கிளையிலோ, மூவர் '+1' அளித்தாலன்றி மாற்றம் நுழைவதில்லை.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. மாற்றம் அதே மாற்றம், வரிகளும் அவையே. மையக் கிளையில் தவறினால் நட்டம் உடன் பணிபுரிவோர்க்கு. அதனையும் அடுத்த நாளே சீர்செய்யலாம். நிலையான கிளையில் தவறினால் நட்டம் முன்பின் அறியாத பயனர்க்கு. ஆகவே ஆய்வு முந்துவதா பிந்துவதா என்பதை முடிவு செய்வது மாற்றத்தின் நீளம் அன்று. அதன் விளைவு சென்று சேரும் இடமே.

இரண்டு வரிகளின் கதை

அளவு உரைகல் ஆகாது என்பதற்கு டெபியன் நிகழ்ச்சியை விடத் தெளிவான சான்று இல்லை எனலாம்.

வங்கிக் கணக்கு முதல் கடவுச்சொல் வரை இணையத்தில் செல்லும் செய்திகளைப் பிறர் படிக்காவண்ணம் மறையாக்கம் செய்ய உதவும் மென்பொருள் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்பது. மறையாக்கத்துக்குச் சாவி வேண்டும். சாவிக்கு எவரும் ஊகிக்க இயலாத எண் வேண்டும். அவ்வெண்ணை ஆக்குவதற்காக இம்மென்பொருள் கணிப்பொறியின் பல இடங்களிலிருந்து ஊகத்துக்கு எட்டாத தரவுகளைத் திரட்டி ஒரு தொட்டியில் இட்டுக் கலக்கும். வேண்டும்போது அத்தொட்டியிலிருந்து எண்ணை எடுக்கும்.

'டெபியன்' என்பது லினக்ஸைச் சார்ந்த இயங்குதளம். தன்னார்வலர் பலரால் தொகுக்கப்படுவது. பிறர் எழுதும் மென்பொருள்களைப் பெற்று, வேண்டிய சிறு திருத்தங்களுடன் அது பயனர்க்கு வழங்குகின்றது. 2006-இல், நினைவகப் பிழைகளைக் கண்டறியும் 'வால்கிரைண்ட்' என்னும் கருவி, ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளைச் சோதிக்கையில் எச்சரிக்கைகளை எழுப்பியது. மதிப்பு இடப்படாத நினைவகத்தை நிரல் பயன்படுத்துகின்றது என்பது எச்சரிக்கையின் பொருள். டெபியனில் அம்மென்பொருளைப் பராமரித்தவர் தேடி, அதற்குக் காரணமான இரண்டு வரிகளைக் கண்டார். இரண்டும் தோற்றத்தில் ஒத்திருந்தன; ஒரே கோப்பில் வெவ்வேறு இடங்களில் நின்றன.

அவர் பேசாமல் மாற்றிவிடவில்லை. ஓப்பன் எஸ்.எஸ்.எல். திட்டத்தின் மின்னஞ்சல் குழுவில் 2006 மே மாதத் தொடக்கத்தில் கேட்டார். அவ்விரு வரிகளை நீக்கலாமா என்றும், நீக்கினால் எண் ஆக்கத்துக்கு என்ன விளையும் என்பது தமக்குத் தெரியாது என்றும் நேர்மையாக எழுதினார். பிழை தேடுவதற்கு உதவுமாயின் நீக்குவதில் தமக்கு உடன்பாடே என்னும் கருத்தில் அத்திட்டத்தைச் சார்ந்த ஒருவர் சுருக்கமாக விடையிறுத்தார். வரிகள் நீக்கப்பட்டன. 2006 செப்டம்பரில் அம்மாற்றம் டெபியன் தொகுப்பில் இடம்பெற்றது. அதனை அடியாகக் கொண்ட உபுண்டுவுக்கும் சென்றது.

அவ்விரு வரிகளுள் ஒன்றை நீக்கியதால் தீங்கில்லை. மற்றொன்றோ தரவுகள் அனைத்தும் தொட்டிக்குள் வரும் வாயில். அது அடைபட்டது. அதன்பின் எண்ணுக்கு எண் வேறுபாடு தருவதற்கு எஞ்சியது, இயங்கும் செயலுக்குக் கணிப்பொறி இடும் வரிசை எண் ஒன்றே. அவ்வெண்ணின் வழக்கமான உச்ச அளவு 32,768. ஆகவே ஒவ்வொரு வகைச் சாவிக்கும் உலகில் இருக்கக்கூடியவை ஏறத்தாழ அத்தனையே. எல்லாச் சாவிகளையும் முன்னரே செய்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துப் பூட்டைத் திறந்துவிடலாம் என்னும் நிலை உண்டாயிற்று.

லூசியானோ பெல்லோ என்னும் டெபியன் பங்களிப்பாளர் இதனைக் கண்டறிந்தார். 2008 மே 13-ஆம் நாள் இது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ இருபது மாதங்கள் குறை வெளிப்படாமல் இருந்தது. மென்பொருளைத் திருத்தியமை மட்டும் போதவில்லை. அவ்விடைக்காலத்தில் அவ்வமைப்புகளில் பிறந்த சாவிகள் யாவற்றையும் களைந்து புதியன ஆக்கவேண்டியிருந்தது. வரிகளைத் திரும்பச் சேர்ப்பது எளிது. ஆனால் எங்கெங்கோ பரவிவிட்ட சாவிகளைத் திரும்பப் பெறுவது எளிதன்று.

இந்நிகழ்ச்சியை ஒருவர் மேல் குறை கூறுவதற்காக ஈண்டுக் கூறவில்லை. பேசியும் பயனில்லாமற் போனது ஏன் என்பதே நாம் கற்கவேண்டிய பாடம். முதலாவது, பிழை தேடுவோரின் வசதி என்ற அளவிலேயே விடை வந்தது. பயனர் அனைவர்க்கும் செல்லவிருக்கும் மாற்றம் இது என்பது அவ்வுரையாடலில் முன்னிற்கவில்லை. இரண்டாவது, முடிவான மாற்றம் மூலத் திட்டத்தாரின் ஆய்வுக்கு அனுப்பப்படாமல் டெபியன் தொகுப்பிலேயே தங்கிவிட்டது. மூன்றாவது, விளைவு தெரியாது என்று கேட்டவர் கூறிய பின்பும் விளைவை விளக்கும் விடை வரவில்லை. இசைவு மட்டுமே வந்தது. இசைவு கிடைத்தது, அறிவு கிடைக்கவில்லை. கலந்தாய்வின் பயன் இசைவு பெறுதல் அன்று. தெரியாததைத் தெரிந்துகொள்ளுதல் என்பதை இது காட்டுகின்றது.

மீட்க இயலாத மாற்றங்கள்

பதித்ததை நீக்கும் வசதி களஞ்சியத்தில் உண்டு. அதனால் எல்லா மாற்றமும் மீட்கத்தக்கதே என்று எண்ணுவது பிழை. ஒரு கட்டளையின் பெயர், ஒரு கோப்பின் வடிவம், தரவை வைக்கும் முறை ஆகியன வெளியே சென்றபின் பிறர் அவற்றை நம்பித் தம் நிரலை எழுதிவிடுவர். அதன்பின் அதனை மாற்றினால் அவர் வீடு இடியும். பயனரின் நிரல்களை உடைக்கலாகாது என்பதை லினக்ஸ் கருவகத் திட்டம் கண்டிப்பான விதியாகக் கொண்டிருப்பது இதனாலேயே.

பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. பழைய நிரல்கள் பல அதில் அப்படியே இயங்கவில்லை. அம்மாற்றம் வெளிப்படையாகத் திட்டமிட்டுப் பேசிச் செய்யப்பட்டதே. ஆயினும் உலகம் முழுவதும் புதியதற்கு மாற நெடுங்காலம் ஆயிற்று. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இல்தான் முடிவுற்றது. பேசிச் செய்த மாற்றத்துக்கே 11 ஆண்டுகள் என்றால், பேசாமல் செய்யும் மாற்றத்தின் இடர்ப்பாடு கூறாமலே விளங்கும்.

தமிழர்க்கு நெருக்கமான சான்றும் ஒன்று உண்டு. உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணிப்பொறியில் எண் வழங்கும் யூனிக்கோடு தரம் 1991-இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு அமைந்த ஒழுங்கு, இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டு 'இஸ்கி' தரத்தை ஒட்டியது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்த அமைப்பு அது. அதனைத் தமிழுக்கும் பொருத்தியதால், நம் ஆய்த எழுத்து அங்கே 'தமிழ் விசர்க்கக் குறி' என்று பெயர் பெற்றது. ஆய்தம் வேறு, வடமொழி விசர்க்கம் வேறு என்பது இலக்கணம் பயில்வோர் அறிந்ததே. தமிழில் வழங்காத அனுசுவாரக் குறிக்கும் அத்தொகுதியில் ஓர் இடம் உண்டு.

இன்று இதனைத் திருத்த இயலாது. ஒருமுறை ஏற்ற எழுத்தை நீக்குவதோ அதன் பெயரை மாற்றுவதோ இல்லை என்பது யூனிக்கோடின் நிலைப்பு விதி. அவ்விதி குற்றமன்று, தேவையே. எழுத்தெண் மாறினால் சேமித்த நூல்கள் அனைத்தும் சிதையும். ஆகவே ஆய்தத்தின் பெயரருகே 'ஆய்தம்' என்று ஒரு குறிப்பு எழுதுவதே செய்யக்கூடியதாயிற்று. இத்தகைய இடத்தில் பின்னாய்வுக்கு வழியே இல்லை. பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் முதலிய 51 குறிகள் 2019-இல் யூனிக்கோடில் சேர்ந்தபோது, எழுத்துமுன்மொழிவும் ஆய்வும் பல ஆண்டுகள் நடைபெற்ற பின்னரே சேர்ந்தன. திரும்பி வர இயலாத பாதையில் அடியெடுத்து வைக்குமுன் நெடுநேரம் நின்று பார்ப்பதே முறை.

எப்போது பேசவேண்டும்?

மேற்கண்டவற்றால் பதிக்குமுன் பேசவேண்டிய இடங்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. பிறர் நம்பியிருக்கும் பெயர், கட்டளை, கோப்பு வடிவம் ஆகியன மாறும்போது.

2. ஒரு வரி ஏன் அங்கு நிற்கின்றது என்பது தெரியாமல் அதனை நீக்க நேரும்போது. பயனற்றதாகத் தோன்றுவது வேறு, பயனற்றது வேறு.

3. மறையாக்கம், கடவுச்சொல், பணக்கணக்கு, தரவை அழித்தல் ஆகியவற்றைத் தொடும்போது. இங்கு ஒருவர் தலையசைப்பும் போதாது. ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்னும் ஓட்டைக்குக் காரணமான நிரல் 2011 டிசம்பர் 31-இல் பதிக்கப்பட்டது. அதனையும் ஒருவர் ஆய்ந்தே சேர்த்தார். 2014 ஏப்ரல் வரை குறை வெளிப்படவில்லை.

4. மற்றொருவர் பொறுப்பில் உள்ள பகுதியில் கைவைக்கும்போது.

5. வெளியார் எழுதிய புதிய நிரலைச் சார்ந்து நிற்க முடிவு செய்யும்போது. 2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் பொதுத் தொகுப்பிலிருந்து 11 வரிகள் மட்டுமே உடைய ஒரு சிறு நிரலை அதன் ஆசிரியர் நீக்கிக்கொண்டார். அதனைச் சார்ந்திருந்த எண்ணற்ற மென்பொருள்களின் ஆக்கம் தடைப்பட்டது.

6. பல நாள் உழைப்பைக் கோரும் பணியைத் தொடங்கும்போது. இங்குப் பதிக்குமுன் பேசுவதும் காலங்கடந்ததே, எழுதுமுன் பேசவேண்டும். ஒரு மாதம் உழைத்துக் கொணர்ந்ததை 'இது எங்களுக்கு வேண்டா' என்று கேட்கும் புதியவர் மறுமுறை வருவது அரிது. இது நிரலைக் காப்பதற்கான விதி மட்டுமன்று. மனிதரைக் காப்பதற்கான விதியும் ஆகும்.

எப்போது பேசவேண்டா?

எழுத்துப்பிழை திருத்தம், விளக்கக் குறிப்பைத் தெளிவாக்கல், சோதனை சேர்த்தல், தம் பொறுப்பில் உள்ள பகுதியில் தெளிவாகத் தெரியும் பிழையை நீக்கல் ஆகியவற்றுக்குப் பேச்சு வேண்டா. செய்துவிட்டுக் குறிப்பெழுதினால் போதும்.

எளிய பொருளில் எல்லோர்க்கும் கருத்து உண்டு. அதனால் எளியவற்றை அவையில் வைத்தால் பேச்சு முடிவதில்லை. அணு உலைத் திட்டத்தை விரைவில் ஏற்றுக்கொள்ளும் குழு, மிதிவண்டிக் கொட்டகையைப் பற்றி நெடுநேரம் வாதிடும் என்று பார்க்கின்சன் 1957-இல் எள்ளி நகையாடினார். உலையை அறிந்தவர் சிலர்; கொட்டகையை அறியாதவர் இல்லை. 1999 அக்டோபரில் 'ஃபிரீ பி.எஸ்.டி.' திட்டத்தில் இதுவே நிகழ்ந்தது. குறித்த நேரம் நிரலைக் காத்திருக்கச் செய்யும் ஒரு சிறு கட்டளை, நொடியின் பின்னத்தையும் ஏற்கலாமா என்பதில் வாதம் நீண்டது. அத்திட்டத்தைச் சார்ந்த பவுல் ஹென்னிங் காம்ப் பார்க்கின்சனின் கொட்டகையை நினைவூட்டி எழுதிய மடல் நிரலாளரிடையே புகழ்பெற்றது. இன்றும் இத்தகைய வீண்வாதத்துக்குக் 'கொட்டகைக்கு நிறம் பூசுதல்' என்றே பெயர்.

இன்னும் இரண்டு விலக்குகள் உள. ஒன்று, பதித்த மாற்றத்தால் எல்லோர் வேலையும் நின்றுபோன நேரம். அப்போது முதலில் அம்மாற்றத்தைத் திரும்பப் பெற்றுவிட்டுப் பிறகே பேசவேண்டும். தீயை அணைத்தபின் காரணம் ஆராய்வதே முறை. மற்றொன்று, பாதுகாப்பு ஓட்டையை அடைப்பது. அதனை ஊரறியப் பேசினால் திருடர்க்கு வழிகாட்டியதாகும். சிலரே மறைவாகக் கலந்து திருத்தத்தை ஆயத்தம் செய்வர். ஹார்ட்பிளீட் குறை அறிவிக்கப்பட்ட 2014 ஏப்ரல் 7 அன்றே திருத்திய பதிப்பும் வெளிவந்தது இத்தகைய ஏற்பாட்டினாலேயே. இங்கும் கலந்தாய்வு உண்டு, அவைதான் சிறியது.

பேசும் முறை

எப்போது பேசுவது என்பதைப் போலவே எவ்வாறு பேசுவது என்பதும் கருதத்தக்கது. தீர்வுக்கு முன் சிக்கலைக் கூறவேண்டும். மாற்றத்தை விவரித்தால் போதாது; மாற்றப்போகும் வரிகளையே காட்டவேண்டும். அது யாரைச் சென்றடையும் என்பதை வெளிப்படையாக எழுதவேண்டும். தமக்குத் தெரியாததைத் தனியே வினாவாக வைக்கவேண்டும். அப்பகுதியை அறிந்தவர் பார்வைக்கு அது சென்றதா என்பதையும் உறுதி செய்துகொள்ளவேண்டும்.

பேச்சுக்குக் கால எல்லையும் வேண்டும். அப்பாச்சி திட்டங்களில் பொதுவாக 72 மணி நேரம் அளிப்பது வழக்கம். உலகின் பல பகுதிகளில் வாழும் தன்னார்வலர் பார்த்து விடையிறுக்க அக்கால அளவு வேண்டும். அதற்குள் மறுப்பு வாராவிடில் இசைவு என்று கொள்வர். 'மௌனம் சம்மதம்' என்னும் நம் வழக்கே அங்கு விதியாகியுள்ளது. ஆயினும் இவ்விதிக்கு ஓர் எல்லை உண்டு. மீட்கத்தக்க மாற்றத்தில் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாம். மீட்க இயலாத மாற்றத்தில் மௌனத்துக்கு 'யாரும் பார்க்கவில்லை' என்றும் பொருள் உண்டு.

பேசி முடித்ததை எழுதி வைத்தலும் இன்றியமையாதது. பைத்தான் மொழிக்குப் பெரிய மாற்றம் கோருவோர் முறையான முன்மொழிவு எழுதவேண்டும் என்னும் ஏற்பாடு 2000-இல் தோன்றியது. மாற்றத்தின் காரணம், பழைய நிரல்களுக்கு நேரும் விளைவு ஆகியவற்றோடு, ஆராய்ந்து விலக்கிய கருத்துகளையும் அதில் குறிக்கின்றனர். நம் உரையாசிரியர்கள் தடையும் விடையும் எழுதிவைத்த முறை இதுவே. பின்வருவோர் அதே வினாவை மீண்டும் எழுப்பிக் காலங்கழிக்காமல் இருக்க இது உதவுகின்றது.

பேச்சு ஓரிடத்தில் முடியவும் வேண்டும். பைத்தானில் ஒரு கோவையின் நடுவிலேயே பெயருக்கு மதிப்பு வழங்கும் புதிய குறியீடு பற்றி 2018-இல் கடும் வாதம் எழுந்தது. முன்மொழிவு ஏற்கப்பட்டது. ஆனால் அம்மொழியைப் படைத்து இறுதி முடிவு கூறும் பொறுப்பில் இருந்த கைடோ வான் ராசம், அவ்வாதத்தின் களைப்பால் 2018 ஜூலை 12-இல் அப்பொறுப்பினின்று விலகினார். 2019-இல் ஐவர் கொண்ட வழிநடத்து அவை தேர்ந்தெடுக்கப்பட்டது. எல்லையற்ற வாதமும் ஒரு திட்டத்துக்கு இழப்பை உண்டாக்கும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

மாற்றத்தின் நீளத்தை எண்ணிக் கலந்தாய்வை முடிவு செய்தல் பொருந்தாது. இரண்டு வரிகள் எண்ணற்ற பூட்டுகளைத் திறந்துவிட்டன. ஒரு பெயர் என்றைக்கும் நின்றுவிட்டது. விளைவு என்னோடு நிற்குமா, பிறரைச் சேருமா? தவறினால் நாளை மீட்கலாமா? இப்பகுதியின் காரணம் எனக்குத் தெரியுமா? இம்மூன்று வினாக்களையும் பதிக்குமுன் ஒருவர் தம்மையே கேட்டுக்கொண்டால், பேசவேண்டிய இடம் தானே விளங்கும்.

மென்பொருள் தமிழாக்கத்தில் ஈடுபடும் மாணவர்க்கும் இவ்வளவைகளே பொருந்தும். ஒரு சொல்லில் விடுபட்ட ஒற்றைச் சேர்ப்பதற்கு யாரையும் கேட்கவேண்டா. ஆனால் 'கோப்பு' என்று பலர் பழகிவிட்ட கலைச்சொல்லை வேறொன்றாக மாற்ற நினைப்பவர், தம் சொல் எத்துணை அழகியதாயினும், முதலில் அவையில் வைக்கவேண்டும். அச்சொல் ஒரு திரையில் மட்டும் இல்லை. உதவிக் குறிப்பிலும் பாடநூலிலும் பயனரின் நினைவிலும் நிற்கின்றது. அவ்வவையில் தமிழ் கற்றவர் இருந்து உரிய நேரத்தில் வினா எழுப்பினால், ஆய்தத்துக்கு நேர்ந்தது போன்றவை மீண்டும் நேராமல் காக்கலாம். பதித்தபின் வருந்துவதினும் பதிக்குமுன் பேசுவது எளிது.